புது கோச்சின் இரண்டு பருவம்: தோல்வி கூடியிருக்கிறது, ஆட்டம் தேறியிருக்கிறது

கும்பகோணம் வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் புது கோச் வந்து இரண்டு பருவம் முடிந்துவிட்டது. முதல் பருவத்தில் அணி நிறைய ஜெயித்தது. இரண்டாவதில் தோல்விதான் அதிகம். "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, ஆளை மாற்றுவதா என்ற பேச்சும் ஓடுகிறது. இரண்டு பருவத்து ஸ்கோர்ஷீட்டுகளையும் பயிற்சி நடக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. ஜெயித்த வருடத்தில் கோச் செய்த வேலை குறைவு. தோற்ற வருடத்தில்தான் வேலையே நடந்திருக்கிறது. ஆனால் அவர் பக்கமும் இரண்டு ஓட்டை இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

முதல் பருவத்தை எடுத்துக்கொள்வோம். அவர் வந்து சேர்ந்தபோது களத்தில் இறங்கும் ஐந்து பேரில் நான்கு பேர் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். முன்பிருந்த பி.டி. சார் சேர்த்து வளர்த்த பையன்கள். அவர்களை வைத்து 2–3 ஜோன் ஆடினார்: முன்னால் இருவர், கூடைக்குக் கீழே மூவர், ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காப்பது. டெல்டாவில் இது ஜெயிக்கிற ஆட்டம்தான். ஆனால் அந்த வெற்றியில் பாதி காற்றுக்குச் சேரவேண்டியது. இங்கே கல்லூரி மைதானங்களில் பெரும்பாலானவை திறந்தவெளி சிமெண்ட் தளம். பருவத்தின் முதல் ஆட்டங்கள் ஆடி, ஆவணியில் வரும். அம்மியே பறக்கிற காற்றில் 600 கிராம் பந்து எம்மாத்திரம்? மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்தால் வளையத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழும். எதிரணி வெளியிலிருந்து எறிந்து தவறவிடும், உள்ளே நிற்கும் மூவரும் தவறித் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஜோன் பலமாகத் தெரியும்.

அதே அணி கூரை போட்ட உள்ளரங்கத்துக்குப் போனால் கதை மாறிவிடும். காற்று இல்லை, பலகை ஆடுவதில்லை, பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. 2–3 ஜோனின் ஓட்டை மூலையில் இருக்கிறது. பந்து பக்கவாட்டிலிருந்து மூலைக்குப் போனால் பின்வரிசையின் ஓர ஆள்தான் ஓடி வரவேண்டும். அவர் வெளியே வந்த நொடியில் கூடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. அங்கே நடுவில் நிற்கும் சென்டர் நகர்ந்தால் நடு காலி. மூலையில் எறியத் தெரிந்த இருவர் இருந்தாலே போதும், ஒரு குவார்ட்டருக்குள், அதாவது கால்பங்கு ஆட்டத்துக்குள், ஜோன் கந்தலாகிவிடும். முதல் பருவத்தில் இந்த அணி தோற்ற ஆட்டங்களின் சாயல் இதுதான். வெளிமைதானத்தில் வெற்றி, உள்ளரங்கத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் அடி.

இரண்டாவது பருவத்தில் மூத்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோச் ஜோனை மூட்டை கட்டி வைத்துவிட்டு மேன்-டு-மேனுக்கு, அதாவது ஒவ்வொருவரும் ஓர் எதிராளியை ஒட்டிக்கொண்டு காக்கும் முறைக்கு, மாறினார். புதுப் பையன்களை வைத்துக்கொண்டு இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். மேன்-டு-மேன் ஒரே பருவத்தில் பிடிபடாது. என்ன தப்பு வரும் என்பதும் எழுதி வைத்ததுபோல ஒழுங்காக வரும்: முதல் இரண்டு மாதம் ஃபவுல் எகிறும், ஏனென்றால் காலை நகர்த்தாமல் கையை நீட்டுவார்கள். அடுத்து, தன் ஆளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்று, பந்தோடு உள்ளே பாய்பவனை விட்டுவிடுவார்கள். அதற்கும் பிறகு, உதவிக்குப் போனவன் திரும்பித் தன் ஆளிடம் ஓடும்போது நிற்காமல் வழுக்கிக்கொண்டு தாண்டிப் போவான். எதிராளி பந்தை எறிவதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டுப் பக்கத்தில் நுழைந்துவிடுவான். இந்த மூன்றும் இதே வரிசையில் இந்த அணியிடமும் வந்தன. கவனிக்க வேண்டியது, முதல் தப்பு பருவத்தின் நடுவிலேயே குறைந்துவிட்டது. இரண்டாவது கடைசி ஆட்டங்களில் அநேகமாக இல்லை. மூன்றாவது இன்னும் இருக்கிறது.

இது தானாகக் குறையவில்லை. செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் ஷெல் டிரில்லைப் பார்த்தால் காரணம் தெரியும். நான்கு பேர் தாக்க, நான்கு பேர் காக்க. முதல் ஐந்து நிமிடம் டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது) கிடையாது, வெறும் பாஸ். ஒவ்வொரு பாஸுக்கும் நான்கு காவலர்களும் நகர்ந்தாக வேண்டும்: பந்துக்காரனின் ஆள் கை நீள இடைவெளியில், ஒரு பாஸ் தள்ளி நிற்பவனின் ஆள் பாஸ் வரும் பாதையில் ஒரு கையை நீட்டியபடி, இரண்டு பாஸ் தள்ளி நிற்பவனின் ஆள் மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரு காலை வைத்தபடி. பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே நகரவேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு இல்லை. பெரும்பாலான கோச்சுகள் இதைச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் பாஸ் பறக்கும்போது விசில் அடித்து அப்படியே நிறுத்துகிறார். யாருடைய கால் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் குனிந்து பார்க்க வேண்டும். "தம்பி, உன் ஆளும் தெரியணும், பந்தும் தெரியணும். தலையத் திருப்பாம ரெண்டும் தெரியுதா? தெரியலன்னா நீ நிக்கிற எடம் தப்பு." இது ஒன்றுதான் அவர் சொல்லும் விதி. இருபது நிமிடத்தில் இப்படி எட்டு, பத்து முறை நிறுத்தம். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அலுப்பு தட்டும். பாதுகாப்பு ஆட்டம் வருவது இப்படித்தான்.

கல்லூரிக் கூடைப்பந்தில் ஆரம்ப வருடத்து வெற்றிக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல பதிவுகள் உண்டு. மைக் ஷிஷெவ்ஸ்கி 1980இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் மூன்று பருவத்தில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாம் பருவம் மட்டும் 11–17. அந்த வருடம்தான் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ் முதலானோர் முதலாண்டு மாணவர்களாக ஆடினார்கள். அதே பையன்கள் நான்காம் ஆண்டில், 1985–86இல், 37 ஆட்டம் ஜெயித்து மூன்றே ஆட்டம் தோற்று இறுதிப் போட்டி வரை போனார்கள். ஷிஷெவ்ஸ்கி 2022இல் ஓய்வு பெறும்போது ஐந்து தேசியப் பட்டங்கள். இன்னொரு பக்கம் கெவின் ஆலி. 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார், இரண்டாவது பருவத்திலேயே, 2014இல், தேசியப் பட்டம். அந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர்கள் முந்தைய கோச் ஜிம் கல்ஹூன் சேர்த்தவர்கள். ஆலியின் கடைசி இரண்டு பருவமும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம்; 2018இல் வேலை போனது. வட கரோலினாவில் ஹியூபர்ட் டேவிஸ் முதல் பருவத்திலேயே 2022 இறுதிப் போட்டிக்குப் போனார். அடுத்த பருவம் தொடங்கும் முன் நாட்டின் முதல் இடம் அந்த அணிக்குத்தான் என்றார்கள். அந்தப் பருவத்தில் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை.

நம் ஊர்க் கணக்கு அதைவிட நெருக்கடியானது. அங்கே நான்கு வருடம் ஆடலாம். இப்போது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வழியும் சுலபமாகிவிட்டதால், கோச் ஒரே கோடையில் பாதி அணியை மாற்றிவிடலாம். இங்கே பி.காம். சேர்ந்த பையன் மூன்று வருடம் அங்கேதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அணி வெளியே போகும். ஒரு கோச் ஜூனில் வருகிறார் என்றால் அந்த வருட ஸ்போர்ட்ஸ் கோட்டா சேர்க்கையில் அவர் கை அநேகமாக இருக்காது. இரண்டாவது வருடம் வருகிற முதலாண்டுப் பையன்கள்தான் அவர் பார்த்து எடுத்தவர்கள். அவர்கள் மூன்றாம் ஆண்டு வரும்போது கோச்சுக்கு அது நான்காவது பருவம். ஆக, "இவர் அணி" என்று சொல்லக்கூடிய முதல் அணி நான்காம் பருவத்தில்தான் களத்தில் நிற்கும். இரண்டாம் பருவத்து வெற்றி தோல்வியை வைத்து ஆளை மாற்றுவது, நாற்று நட்ட வாரத்தில் மகசூல் கேட்பது போலத்தான்.

அப்படியானால் அதுவரை எதைப் பார்ப்பது? கோச்சின் கையில் இருக்கிறதைப் பார்க்கவேண்டும். பையனின் உயரம் அவர் கையில் இல்லை, அவன் எங்கிருந்து பந்தை எறிகிறான் என்பது அவர் கையில். டீன் ஆலிவர் என்ற அமெரிக்கக் கணக்கீட்டாளர் நான்கு அம்சங்களை வகுத்துக் கொடுத்தார்: எறிந்ததில் எவ்வளவு விழுந்தது, பந்தை எத்தனை முறை எதிரணியிடம் கோட்டைவிட்டார்கள் (டர்னோவர்), தவறிய எறிதலில் எத்தனையைத் திரும்பப் பிடித்தார்கள், ஃபவுலுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வாங்கிப் போட்டது எவ்வளவு. அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். எதிரணிக்கும் இதே நான்கு.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்கித் தரும் அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட்டில் விழுந்த கூடை மட்டும்தான் இருக்கும். தவறிய எறிதல், ரீபவுண்ட், டர்னோவர் எதுவும் இருக்காது. ஆனால் கவனித்துப் படித்தால் ஒன்று கிடைக்கும். எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் 'பி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த ஃபவுலுக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ கொடுக்கப்பட்டது என்பதே அந்த எண். அதையெல்லாம் கூட்டினால் நம் அணிக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ. போட்டது எத்தனை என்று ஓடும் ஸ்கோர் பத்தியில் புள்ளி வைத்திருக்கும். மற்றதற்கு ஒரு பையனைப் பெஞ்சில் உட்காரவைத்து நோட்டில் கோடு போடச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து எறிதல், மூன்று புள்ளி எறிதல், தாக்குதல் ரீபவுண்ட், டர்னோவர் என்று எழுதிக் கொடுத்தால் போதும். இந்த கோச் இரண்டாம் பருவத்திலிருந்து இதைச் செய்கிறார். முதல் பருவத்துக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை.

கணக்கு எப்படி என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஓர் அணி 60 எறிந்து 22 போடுகிறது, அதில் 4 மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 18இல் 8. தாக்குதல் ரீபவுண்ட் 12. டர்னோவர் 16. ஸ்கோர் 56. எதிரணி 58 எடுத்து ஜெயித்துவிட்டது. முதலில் எத்தனை முறை பந்து இந்த அணியின் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்: எறிதல் 60, அதோடு ஃப்ரீ த்ரோவை 0.44ஆல் பெருக்கி வரும் 8, அதிலிருந்து தாக்குதல் ரீபவுண்ட் 12 கழித்து டர்னோவர் 16 கூட்டினால் 72. (அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் 0.44க்குப் பதில் 0.475 வைப்பார்கள், இந்த ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் மாறிவிடாது.) 72 வாய்ப்பில் 16 டர்னோவர் என்றால் 22 சதவீதம், கொஞ்சம் அதிகம். எறிதல் திறன், மூன்று புள்ளிக்கு அரைப்பங்கு கூடுதலாகக் கொடுத்து, 24ஐ 60ஆல் வகுத்தால் 40 சதவீதம், சுமார்தான். ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போனது வேறிடத்தில். 18 ஃப்ரீ த்ரோவில் 8 என்பது 44 சதவீதம். 13 போட்டிருந்தால் 61 புள்ளி, வெற்றி. ஸ்கோர் போர்டைப் பார்க்கிறவர் "டிஃபென்ஸ் சரியில்ல" என்பார். நோட்டு வேறு சொல்லும்.

இந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோச்சின் முதல் ஓட்டை ஃப்ரீ த்ரோதான். பயிற்சி முடிந்த பிறகு, வேர்வை காய்ந்து, தண்ணீர் குடித்து, பையை மாட்டிக்கொள்வதற்கு முன்னால், வளையத்துக்கு மூன்று பேர் நின்று ஆளுக்கு 50 எறிகிறார்கள். முதல் பத்துக்குப் பிறகு கை ஒரு தாளத்துக்கு வந்துவிடும், வரிசையாக விழும், எண்ணிக்கை அழகாக வரும். ஆட்டத்தில் யாருக்கும் வரிசையாக 50 கிடைக்காது. இரண்டு கிடைக்கும், அதுவும் முழு மைதானம் ஓடிவந்து இடிபட்டு விழுந்து எழுந்த உடனே. மூச்சு வாங்கும்போது முழங்கால் மடியாது, முழங்கால் மடியாவிட்டால் பந்து முன்வளையத்தில் தட்டும். இந்த அணியின் தவறிய ஃப்ரீ த்ரோக்களைக் கவனித்தால் பெரும்பாலானவை முன்வளையத்தில்தான். இடது, வலது விலகல் குறைவு. அதாவது கையில் குறை இல்லை, காலில். மருந்து கடினமானதில்லை: ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தின் நடுவே ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, ஆளுக்கு இரண்டே இரண்டு. தவறியவன் அணி முழுவதும் ஒரு நீளம் ஓடி வர வேண்டும். ஒரு பயிற்சிக்கு ஆளுக்குப் பத்துதான் ஆகும். அந்தப் பத்து 50க்குச் சமம் இல்லை, அதைவிட மேல்.

இரண்டாவது ஓட்டை டைம்-அவுட், அதாவது கோச் ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பையன்களோடு பேசும் வாய்ப்பு. இரண்டாம் பாதியில் அணிக்கு மூன்று டைம்-அவுட் உண்டு. ஆனால் நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடம் தொடங்குவதற்குள் ஒன்றாவது எடுக்காவிட்டால் ஒன்று காலாவதி ஆகிவிடும். ஸ்கோரர் முதல் கட்டத்தில் இரண்டு படுக்கைக் கோடு போட்டு மூடிவிடுவார். இந்த கோச்சின் ஸ்கோர்ஷீட்டில் அந்த இரட்டைக் கோடு அடிக்கடி கண்ணில் படுகிறது. கடைசிக்குச் சேர்த்து வைக்கும் பழக்கம். சிக்கனம் நல்லதுதான், கெட்டுப்போகும் பண்டத்தைச் சேர்த்துவைப்பது சிக்கனம் இல்லை. மூன்றாம் குவார்ட்டரில் எதிரணி எட்டு, பத்து புள்ளி தொடர்ச்சியாக எடுக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்தினால் இளம் அணிக்கு மூச்சு வரும். அந்த நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பையன்களே சமாளித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். அழைப்புப் போட்டியில் அப்படி விடலாம், பல்கலைக்கழக அளவிலான நாக்-அவுட்டில் விடக்கூடாது. கடைசி இரண்டு நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்தால் பந்தைத் தன் பாதியிலிருந்து கொண்டுவராமல் எதிர்ப்பாதியிலிருந்தே உள்ளே போடலாம் என்ற சலுகையை மட்டும் அவர் சரியாகப் பயன்படுத்துகிறார். அங்கே ஆடவேண்டிய ஆட்டம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார். பையன்கள் அதைத் தூக்கத்திலும் ஆடுவார்கள்.

ஆள் மாற்றுவதில் சராசரி. பன்னிரண்டு பேர் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தாலும் ஏழு பேருக்கு மேல் களம் பார்ப்பதில்லை. புழுக்கமான மாலையில் ஏழு பேரை வைத்து 40 நிமிடம் மேன்-டு-மேன் ஆடினால் நான்காம் குவார்ட்டரில் கால் நிற்கும், கை நீளும், ஃபவுல் விழும். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால் அது நேரே புள்ளியாகப் போகும். எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கு இரண்டாம் குவார்ட்டரில் மும்மூன்று நிமிடம் கொடுத்தாலே போதும்.

உடல் தயாரிப்பில் ஆள் கெட்டிக்காரர். இந்த மண்ணைத் தெரிந்தவர் என்பது இங்கேதான் தெரிகிறது. சிமெண்ட் தளத்தில் தினமும் குதித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வரும். பருவம் தொடங்கிய ஆறாவது வாரம் பாதிப் பேர் நொண்டுவார்கள். அதனால் ஓட்டத்தை மைதானத்திலிருந்து ஆற்றுக்கு மாற்றிவிட்டார். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டால் மாசியில் ஆற்றுப் படுகை மணலாகக் கிடக்கும். பிப்ரவரியிலிருந்து கோடை விடுமுறை வரை வாரம் இரண்டு காலை, வெறுங்காலோடு மணலில் 30 மீட்டர் ஓட்டம், பத்து முறை, நடுவே நடந்து திரும்புவதுதான் ஓய்வு. ஜூன் 12 திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். அதற்குள் கால் தேறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. மைதானத்தில் குதிக்கும் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துவிட்டார்.

மார்கழிக் காலைகளில் ஆறு மணிப் பயிற்சி கிடையாது. பனி இறங்கி சிமெண்ட் தளம் எண்ணெய் தடவியது போல இருக்கும், கணுக்கால் பிசகும். ஏழரைக்குத்தான் பந்து. அதுவரை பின்வாசல் நடையில் வீடியோ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மைதானம் குளமாகிற நாட்களில் ஆடிட்டோரியத்தில் நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பந்தே இல்லாமல் ஷெல் டிரில். மழையைக் காரணம் காட்டி ஒரு வாரம் கூட விட்டதில்லை. வலங்கைமான், பாபநாசம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையன்களுக்கு மாலை ஆறே காலுக்கு விடுதலை. தை அறுவடை நாட்களில் வயல் வேலை உள்ளவன் முன்கூட்டியே சொன்னால் விடுப்பு, சொல்லாமல் போனால் அடுத்த ஆட்டத்தில் முதல் குவார்ட்டர் பெஞ்ச். குடிக்கப் பானையில் நீர்மோர், உப்பு கொஞ்சம் தூக்கலாக. கலர் கலரான பாட்டில் தண்ணீரெல்லாம் தேவையே இல்லை.

அலுவலக வேலையும் இந்த வேலையில் பாதி. தேர்வு எழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கித் துறைத்தலைவர் கையெழுத்தோடு பதிவேட்டில் ஏற்றாவிட்டால் நவம்பரில் சென்டர் ஆடுகிற பையன் ஹால் டிக்கெட்டுக்கு அலைவான். முதல் பருவத்தில் இதில் குளறுபடி நடந்தது. இப்போது போட்டிக்குக் கிளம்பும் முன்பே ஓ.டி. படிவம் துறைக்குப் போய்விடுகிறது. பந்து விஷயத்திலும் தேறியிருக்கிறார். நிவியா, காஸ்கோ ரப்பர் பந்துகள் சிமெண்டில் உழைக்கும், விலையும் தாங்கும். ஆனால் போட்டியில் தோல் போன்ற மேல்பரப்புள்ள பந்தைக் கொடுத்தால் கைக்குப் புதிதாக இருக்கும், டிரிபிள் நழுவும். எனவே போட்டிக்கு முந்தைய பத்து நாட்களுக்கென்று நான்கு நல்ல பந்தைப் பூட்டி வைத்திருக்கிறார். மற்ற நாளில் அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.

கடைசியாக, கோச்சின் குற்றம் இல்லாத, ஆனால் அவர் பேரில் எழுதப்படுகிற ஒரு குறை. மைதானத்தின் கோடுகள் பழையவை. மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலேயே இருக்கிறது. 2010இல் சர்வதேச விதி அதை 6.75 ஆக்கியது. தினமும் அரை மீட்டர் கிட்டே நின்று எறிந்து பழகிய கால், போட்டி மைதானத்தில் தானாக அதே தூரத்தில் போய் நிற்கும். விழுந்தால் நடுவர் இரண்டு விரல் காட்டுவார். பின்னால் நகர்ந்து எறிந்தால் முன்வளையம். கூடைக்கு முன்னால் உள்ள கட்டமும் அப்படியே, பழைய சரிவகம். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பழைய கட்டத்தின் அகலம் 3.6 மீட்டர், இப்போதைய செவ்வகம் 4.9. பழைய கோட்டுக்கு வெளியே பத்திரமாக நிற்பதாக நினைத்து அங்கே நிற்கும் பையன், புது மைதானத்தில் 65 சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே நிற்கிறான். தாக்கும் அணிக்காரன் அந்தக் கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பதால் மூன்று வினாடி விசில். கூடைக்குக் கீழேயோ நேர்மாறு: பழைய கட்டம் 6 மீட்டர் அகலம் என்பதால் தேவையில்லாமல் அரை மீட்டர் தள்ளியே இடம் பிடிக்கிறான். இரண்டாம் பருவத்தில் இந்த அணி வாங்கிய மூன்று வினாடி விசில்களில் பெரும்பகுதி ஃப்ரீ த்ரோ கோட்டு முனையில்தான். கோச் கோடு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதம் மேஜை மாறிக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்து, ஃப்ரீ த்ரோ பயிற்சியையும் டைம்-அவுட் பழக்கத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் நியாயம். அதற்கு முன்னால் கல்லூரி செய்யவேண்டிய வேலை ஒரு நாள் வேலை. விடுமுறையில் ஒரு காலை, நிழல் விழாத நேரத்தில், வளையத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைக்கவேண்டும். பின்கோட்டின் உள்விளிம்பிலிருந்து அந்தப் புள்ளி 1.575 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கம்பம் சாய்ந்திருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்பதை முன்விளிம்பிலும் பக்கவாட்டிலும் அளக்கவேண்டும், தொங்கித் தொங்கி முன்பக்கம் இறங்கியிருக்கும். பிறகு புள்ளியில் ஆணி அடித்து, நீளாத கம்பியில் 6.75 அளந்து சாக்பீஸ் கட்டி வளைவு போடுவது. இரண்டு ஓரத்திலும் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடு. அந்த நேர்கோடும் வளைவும் சந்திக்கும் இடம் பின்கோட்டிலிருந்து 2.99 மீட்டரில் விழுந்தால் அளவு சரி. கோட்டின் 5 சென்டிமீட்டர் அகலம் வளைவுக்கு உள்பக்கமாக வரவேண்டும், ஏனென்றால் 6.75 என்பது வெளிவிளிம்புக்கான அளவு. பழைய கோட்டைத் தரையின் நிறத்திலேயே இரண்டு கோட்டிங் அடித்து மறைத்துவிட வேண்டும். மறைக்காமல் புதுக் கோட்டைப் பக்கத்தில் போட்டால் பையன்களின் கால் பழையதைத்தான் தேடும்.